படத்துக்கு மட்டும் முன்வரிசை

மார்ச் 4, செவ்வாய்
இன்றும் படம் பிடிக்க வந்தார்கள். "அஞ்சலா, முன்னுக்கு வா. சிரி." இந்த இராணுவ முகாமில் ஒரே தமிழ்ப் பெண் நான். ஆறு வருடத்தில் மூன்று கலண்டரில் வந்துவிட்டேன். பத்துப் பேரை அணிவகுப்பில் நடத்த மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை. படம் முடிந்த கையோடு ஆபீசுக்குப் போய், அணிநடைப் பயிற்சியாளர் கோர்ஸுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 7
கப்டன் கூப்பிட்டார். சிங்களத்தில், தங்கச்சி என்று அழைத்து அன்பாகத்தான் பேசினார். "எனக்கு ஒன்றுமில்லை, நங்கி. பையன்கள் உன் கட்டளைக்கு நடப்பார்களா? அதுவும் உன் சிங்களத்துக்கு?"
"பையன்களைக் கேட்டீங்களா சேர்?"
என் விண்ணப்பத்தை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார்.

மார்ச் 8
பயம் யாருக்கு? பையன்களுக்கா, அவருக்கா?

மார்ச் 16, ஞாயிறு, கலஹா
மாதா கோயிலில் பூசை முடிந்து, தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் வீட்டுக்குப் போனேன். அண்ணன் ரவிகுமார் தொடங்கிவிட்டான். "நீ அங்க சேர்ந்ததே தப்பு. அதனால லயத்துல இன்னும் நம்மள ஒரு மாதிரிதான் பாக்குறாங்க. விட்டுட்டு வந்துரு."
கொழுந்துக் கறை படிந்த விரலால் அம்மா என் தோளைத் தொட்டாள். "அங்கயும் வேலை வாங்குற கங்காணி ஆம்பளதானா?" சிரிப்பு வந்தது. கண்டி முகாமுக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தச் சிரிப்பு வரவில்லை.
விட்டுட்டு வந்தா முகாம்ல அவங்க நெனச்சது சரின்னு ஆயிரும். வரமாட்டேன்.

மார்ச் 25
எனக்கு சல்யூட் அடிக்கக் கற்றுத்தந்த சார்ஜன்ட் இன்று மனம்விட்டுப் பேசினார். "பயிற்சியில் இவ்வளவும் பட்டதால்தான் ஆம்பிளையானோம் என்று நம்பி இருக்கிறோம். அதே இடத்தில் ஒரு பெண் வந்து நின்றால், நாங்கள் பட்டதெல்லாம் எதற்கு?"
பொய் சொல்லவில்லை அவர். அதனால்தான் கோபம் கூடுகிறது. நான் என்ன, படாமலா வந்தேன்? அதே மழை, அதே சேறு, முதுகில் அதே பாரம்!

ஏப்ரல் 9
பெரிய அதிகாரி வருகிறாராம். அவரை வரவேற்க நான் சேலை கட்டி, வெற்றிலைத் தட்டோடு வாசலில் நிற்க வேண்டுமாம். எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "யூனிஃபோர்ம்ல நிக்கிறேன் சேர். சேலையில நிக்கமாட்டேன்."
குரல் நடுங்கவில்லை.

ஏப்ரல் 11
தண்டனை வந்தது: ஈஸ்டர் லீவு வெட்டு. இரண்டு கிழமை, பதினாலு நாளும், குசினியில் சமையல் வேலை. செய்வேன்.

ஏப்ரல் 24
பக்கத்துக் கட்டில் கோப்ரல் தனுஜா, இதுவரை முகம் கொடுத்துப் பேசாத சிங்களப் பிள்ளை, தானாக வந்து உட்கார்ந்தாள். "இரண்டு வருடத்துக்கு முன் நானும் அந்த கோர்ஸைக் கேட்டேன். பையன்கள் நடக்கமாட்டார்கள் என்றுதான் எனக்கும் சொன்னார்கள். எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்."
எவ்வளவு காலம் தனித்தனியாக வெட்கப்பட்டிருக்கிறோம்! இருவருமாகச் சேர்ந்து புதிதாக விண்ணப்பம் கொடுத்தோம்.

ஜூன் 2
கோர்ஸுக்குத் தெரிவானவர்களின் பட்டியல் வந்தது. தனுஜாவின் பெயர் இருக்கிறது. என்னுடையது இல்லை. காரணமும் இல்லை.
சாப்பிடவில்லை. அவ மூஞ்சியப் பாக்கவே புடிக்கல — அவ என்ன செஞ்சா? ஒண்ணும் செய்யல.

ஜூன் 3
காரணத்தை எழுத்தில் தரும்படி மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். தனுஜா வாங்கி வாசித்தாள். என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதத் தொடங்கினாள்.
"வேணாம். ஒன் பேரையும் வெட்டிருவாங்க" என்றேன், பதற்றத்தில் தமிழிலேயே.
"வெட்டட்டும்." அவளும் உடைந்த தமிழில்தான் சொன்னாள்.
ஆபீஸ் கிளார்க் கடிதத்தைப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். ஒரு பெயர் மட்டும் இருந்திருந்தால் அவரும் மேசை லாச்சிக்குள் போட்டிருப்பார். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தி, பிரதி ஒன்றை என் கையில் தந்தார்.