நான்காவது முகம்

இன்று காலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்தவர் தைலப் புட்டியைத் திறந்தார். சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டேன். கேமராவைத் தொடும் முன் நெற்றிப்பொட்டில் தேய்த்துக்கொள்வாயே, அதே நெடி. பார்த்தால் யாரோ ஒருவர். நீ போன பிறகு பத்திரிகையில் எனக்குப் படக்காரர் யாரையும் தரவில்லை. கேள்வியும் நானே, படமும் நானே.

இன்றைய வேலை உனக்குப் பிடித்திருக்கும். தேர்தல் முறையை மாற்றலாமா என்று மறுபடி பேச்சு கிளம்பியிருக்கிறது. தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பது போய், கட்சி வாங்கிய ஓட்டின் பங்குக்கு ஏற்ப நாடாளுமன்றத்தில் இடம். அதைப் பற்றி மக்கள் கருத்து. நான்கு பேர், நான்கு முகங்கள், மாலைக்குள்.

முன்பொரு தடவை பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் இதே விகிதாசார முறையை ஒருவருக்கு விளக்க முயன்று நான் திணறியபோது, நீ குறுக்கே புகுந்தாய்.

“பாஸ், ஒரு மேசையில பத்து பேர். நாலு பேர் கேக்குறது தே தாரே டீ, மூணு பேர் கோப்பி, மூணு பேர் சிராப் தண்ணி. இப்ப உள்ள முறையில பத்து பேருக்கும் தே தாரேதான் வரும். குடிச்சுத்தான் ஆகணும் லா.”

“எனக்கு இனிப்புநீர் வியாதி. மூணுமே ஆகாதே,” என்றார் அவர்.

“அப்ப நீங்க புதுக் கட்சி ஆரம்பிங்க அண்ணே.”

கடையே சிரித்தது. அவர் பேசி முடித்த பிறகுதான் கேமராவைப் பையிலிருந்து எடுத்து, “எடுக்கலாமா?” என்று கேட்டாய். அதுதான் உன் வழக்கம். அவர் வேண்டாமென்று கையை ஆட்டினார். அன்று பேசிய நால்வரும் அப்படியே. எனக்கு எரிச்சல். “விடு மச்சான். கருத்து இருக்கு. முகம் கொடுக்கத்தான் பயம்,” என்றாய்.

உனக்கு இந்த மாற்றத்தில் நம்பிக்கை உண்டு. எந்தத் தொகுதியிலும் மலேசியத் தமிழர் நாம் பெரும்பான்மை இல்லை, சிதறிக் கிடக்கிற ஓட்டெல்லாம் ஒன்று சேர்ந்தால் நமக்கும் ஒரு பங்கு கிடைக்கும் என்பாய். “தோத்த ஓட்டும் ஓட்டுதான்.”

கிள்ளானில் மூவர் சுலபமாகக் கிடைத்தார்கள். ஒரு வழக்கறிஞர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், ஒரு துணிக்கடை முதலாளி. மூவரும் மாற்றத்துக்கு ஆதரவு. மூவரும் சிரித்த முகத்தோடு படம் கொடுத்தார்கள்.

நான்காவது, கடை வரிசையின் நடைபாதையில் தையல் இயந்திரம் போட்டிருந்த ஒரு பெண். உன் மேசைக் கதையைச் சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டார்.

“நல்லாத்தானே இருக்கு அண்ணே. நம்ம ஓட்டும் வீணாப் போகாது.” இயந்திரத்தை நிறுத்தினார். “அப்ப நம்ம ஏரியாவுக்கு ஒய்பி யாரு?”

நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சியின் பட்டியலிலிருந்து வருவார்கள், இந்தத் தொகுதிக்கு இவர் என்று ஒருவர் இல்லாமலும் போகலாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. எடுத்து வளர்த்த மகளுக்குக் குடியுரிமை இல்லை. மனு போட்டு வருடங்கள் ஆகின்றன. ஒய்பியின் சேவை மையம்தான் அரசாங்கத்திடம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. பெண்ணுக்கு இந்த ஆண்டு பள்ளி இறுதி எஸ்பிஎம் பரீட்சை. அடையாள அட்டை இல்லாமல் அதற்கு மேல் எங்கே சேர்ப்பது?

“மாசா மாசம் அந்த ஆபிஸ் வாசல்ல போய் நிப்பேன். ‘ஆன்டி வந்துட்டாங்க’ன்னு உள்ள ஓடுவாங்க. ஓடட்டும். வாசல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுதுல்ல? நாளைக்கு எந்த வாசல்ல போய் நிக்கிறது?”

தொகுதி உறுப்பினரையும் வைத்துக்கொண்டு பங்கும் கொடுக்கிற கலப்பு முறை உண்டு என்றேன்.

“இங்க அப்படித்தான் வருமா?”

தெரியவில்லை என்றேன்.

படத்துக்குச் சம்மதித்தார். எடுத்துக்கொண்டு ரயில் நிலையம் வரை வந்துவிட்டேன். பின்னால் ஓடிவரும் செருப்புச் சத்தம்.

“வேணாம்ணே, போடாதீங்க. மாத்த வேணாம்னு சொன்னா ஒரு கட்சிக்குக் கோவம் வரும். மாத்தணும்னு சொன்னா, ‘அப்ப நாங்க வேணாமா’ன்னு ஒய்பி ஆபிஸ்ல கேப்பாங்க. எம் பிள்ளை பேப்பரு யாரு கையில இருக்குன்னே தெரியல.”

அவர் கண்ணெதிரே அழித்தேன். “அழிச்சது குப்பைத் தொட்டியில போய் உக்காந்திருக்குமாமே, எம் பொண்ணு சொல்வா. அதையும் கொட்டிடுங்க.” கொட்டினேன்.

“பேரு, படம் இல்லாம சொன்னதை மட்டும் போடலாமே?” என்றார் அலுவலகத்தில் செய்தி ஆசிரியர். மறுத்துவிட்டேன். அந்த வாசலில் உள்ளவர்களுக்கு ஆளைக் கண்டுபிடிக்க இரண்டு வரி போதும். ஆக, நாளைய பக்கத்தில் மூன்று முகங்கள், மூன்று ஆதரவு. மக்கள் வரவேற்பதாகத் தலைப்பும் வைத்தாகிவிட்டது. பயப்பட வேண்டிய அவசியமில்லாதவர்களின் பேச்சுதான் மக்கள் கருத்தாக அச்சாகிறது. நீயும் நானும் கொண்டுவந்த பக்கங்களும் அப்படித்தானோ?

உன் கணக்கு தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெண் போய் நிற்பதற்கு ஒரு வாசல் மிச்சமிருக்குமா என்று நாம் ஒருநாள்கூடப் பேசியதில்லை. மாற்றம் வந்துவிடும் என்று நினைத்தாலும் பயமாக இருக்கிறது, வராமலே போய்விடும் என்று நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

உனக்கு எழுதும்போதுகூட அவர் பெயரைச் சொல்லவில்லை, கவனித்திருப்பாய். அது மட்டுமில்லை. கண்டதைக் கண்டபடி எழுதியே பழகியவன், இந்த மடலில் மாற்றி எழுதியிருக்கிறேன். அவர் தைப்பவர் அல்ல. வேறு சில அடையாளங்களும் அவருடையவை அல்ல. செத்தவனுக்கு எழுதுவதை யார் படிக்கப்போகிறார்கள் என்று நீ சிரிப்பாய். யாராவது படித்துவிடுவார்கள், மச்சான். அவர் யார் என்பது என்னோடு இருக்கட்டும், மகள் கைக்கு அட்டை வந்து சேரும்வரை.