பச்சைக் குறி போட்ட பங்களா

ஏப்ரல் 8, 2008
நுவரெலியா முழுக்கப் பனிமூட்டம். சீசன் நெரிசல், பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்கு. வருடப் பிறப்புக்கு முன் இன்னும் பன்னிரண்டு விடுமுறை பங்களாக்களை எங்கள் இணையத்தளத்தில் ஏற்றச் சொல்லி கொழும்பு அலுவலகத்தின் நச்சரிப்பு. ஏற்றியது ஏழு. வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், அம்மாவுக்கு இருமல் மருந்து, போனுக்கு ரீலோட் கார்ட்.

ஏப்ரல் 9
மழை. மத்தியானம் மாமா வந்தார், பிள்ளைகளுக்குப் புது உடுப்பு எடுக்க. பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவர் கங்காணி. என் கணினியில் இருந்த படத்தைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"இது எங்க தோட்டத்து மேல் பங்களால்ல? பின்னாடி மண்ணு வெடிச்சு ரெண்டு வருசமா பூட்டிக் கெடக்கு. யாரும் தங்கக் கூடாதுன்னு கதவுல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்களே."

"தோட்டத்துத் தொரைதான மாமா வந்து வாடகைக்குப் போடச் சொல்லிப் படம் குடுத்தாரு?"

"எந்தத் தொரை? போன வருசம் வேலைய விட்டு நிப்பாட்டுனாங்களே, அந்தச் சின்னத் தொரையா இருக்கும்."

அந்த ஆள் ஆபீசுக்கு வந்த நாள் நினைவுக்கு வந்தது. அரைக் காற்சட்டை, முழங்கால்வரை காலுறை, ஜீப். பார்த்தவுடன் எழுந்து நின்றுவிட்டேன். தோட்டத்து லயத்தில் பிறந்த எவளுக்குத் துரையிடம் காணி உறுதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்ல வாய் வரும்? கேட்கவில்லை. போய்ப் பார்க்கவுமில்லை. 'சரிபார்க்கப்பட்டது' என்ற பச்சைக் குறியை மட்டும் போட்டேன். இன்னும் கேவலம்: கதவில் ஏதோ சிவப்புத் தாள், படத்துக்கு அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டியெடுத்ததும் நான்தான்.

பதிவின்படி நேற்றிலிருந்து அங்கே ஐந்து பேர் தங்கியிருக்கிறார்கள். கடவுளே.

கொழும்பு மேலாளருக்கு போன். யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். "நாங்கள் விளம்பரம் போடுற ஆக்கள், பிள்ளை. ஆருடைய வீடு எண்டு பாக்கிறது எங்கட வேலை இல்லை."

"அப்ப அந்தப் பச்சைக் குறி எதுக்கு சேர்?"

வைத்துவிட்டார். மூன்று மணி பஸ்ஸில் மாமாவோடு பங்களாவுக்கு.

ஏப்ரல் 10
காலில் அட்டைக்கடி இரண்டு. நேற்று பங்களாவில் நடந்ததை அன்றே எழுதத் தெம்பில்லை.

சமையலறைக்குப் பின்னால் நிலம் பிளந்து கிடக்கிறது. குடையை விட்டுப் பார்த்தேன், பிடிவரைக்கும் போயிற்று. அதை ஒட்டிய அறையில் குழந்தை தூக்கம். தாய், கொழும்பு முஸ்லிம் பெண், நம்பவே இல்லை.

"நீங்க யாரு இதச் சொல்ல? சரிபார்த்தாச்சுண்டு போட்டிருக்கே!"

"அதப் போட்டதே நாந்தாங்க."

அந்தப் பார்வை. செத்தாலும் மறக்காது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள், மற்றவர்களும் பின்னாலேயே.

பூட்டிய பங்களாவை ஏன் திறந்துவிட்டீர்கள் என்று காவலுக்கு இருந்த வாச்சரிடம் பாய்ந்தேன். பையிலிருந்து மடித்த தாளொன்றை நீட்டினார். எங்கள் இணையப் பக்கத்தின் அச்சு!

"ஒங்க கம்பெனியே பாத்து சரின்னு போட்டிருக்குன்னு அந்தச் சின்னத் தொரை காட்டுனாரு புள்ள. நோட்டீசையும் அவருதான் கிழிச்சாரு. சாவியும் அவருகிட்டதான்."

நான் அந்த ஆளை நம்பினேன், வாச்சர் என்னை நம்பியிருக்கிறார்.

ஏப்ரல் 11
இணையப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. என்னால் ஏற்ற மட்டும்தான் முடியும், எடுப்பது கொழும்பு. மறுபடி மேலாளருக்கு போன்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லத்தானே? ஏன் இப்பிடிக் கத்திக் குழறுறீர்? சீசன் முடியட்டும்."

நாளைக்கு அந்தப் பங்களாவுக்கு ஒன்பது பேர் பதிவு. அவர்களுடைய போன் எண்ணைத் தர மாட்டாராம். தோட்டத்து ஆபீஸ் வருடப் பிறப்பு விடுமுறைக்குப் பூட்டு. மருந்து வாங்க மறந்தேன், அம்மா இருமுகிறார். நாளை நானே போய் வழிமறிக்கப்போகிறேன், வேலை போகும்; அதை அவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 12
விடாத மழை. பங்களா கேட்டுக்கு வெளியே, குடைக்குள் எழுதுகிறேன். பாதைக்குக் குறுக்கே மாமாவும் வாச்சரும் ஒரு மரக்கட்டையை இழுத்துப் போட்டிருக்கிறார்கள். மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "சமையக்கட்டு சாஞ்சிருச்சு. உள்ள யாரும் போவாதீங்க."

பதினொன்றரை. கீழே வளைவில் ஹார்ன் சத்தம். பதிவு ஒன்பது பேருக்குத்தான், ஏறி வருவது மூன்று வேன். ஜன்னல் முழுக்கப் பிள்ளைகள். வரவேற்க நிற்கிறேன் என்று நினைத்து எனக்குக் கை காட்டுகிறார்கள்.