நடுப்பாட்டில் கூடிய சத்தம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம். எனக்கு விலாவில் இரண்டு எலும்பு விரிசல், இடது மணிக்கட்டு மாவுக்கட்டில். மற்றபடி நானும் நலம்தான். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவருக்கும் எப்போதும் நினைப்பு. கட்டு என்றதும் பதறாதே, எழுதுகிற கை நன்றாகத்தான் இருக்கிறது. போனில் நீ மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாய், போட்டேன் என்பேன், அதோடு போன் அம்மா கைக்குப் போய்விடும். இப்போது சொல்ல வேண்டியது அதற்குள் அடங்காது, அதனால்தான் கடிதம். அம்மா கண்ணாடி மாற்றிவிட்டாள், இனி ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட மாட்டாள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. மார்க்கெட் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் என் சாவிக் கடை மூன்று வாரமாகப் பூட்டிக் கிடக்கிறது. கேட்கிறவர்களுக்கெல்லாம் பக்கத்துக்கடை முடிவெட்டுகிறவர், சாவிக்காரர் குஸ்திக்குப் போயிருக்கார், வந்துடுவார் என்று பதில் சொல்கிறாராம். அவர் விளையாட்டாகச் சொன்னாலும் நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

நம் வீட்டுக்கு மேல்வீட்டில் போன வருஷம் ஒரு தம்பதி குடிவந்தார்கள் என்று அம்மா சொல்லியிருப்பாள். அவன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. மாடிப்படியில் ஒரு நாளைக்கு நாலு தடவை பார்த்தாலும் நாலு தடவையும் கும்பிடுவான், அதனால் அம்மா அவனுக்கு வணக்கத்துக்காரன் என்று பேர் வைத்திருந்தாள். அவன் மனைவி பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை செய்த பெண், உன்னைவிடப் பத்து வயது சின்னவள். நாலு மாதத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டாள். அதே சமயத்தில் அவன் என்னைக் கூப்பிட்டு உள்ளறைக் கதவுக்கு ஒரு பூட்டு போடச் சொன்னான். வெளியே மட்டும் சாவி, உள்பக்கம் திறக்கப் பிடி வேண்டாம், ஆபீஸ் ஃபைல் எல்லாம் இருக்கு சார் என்றான். அறைக்குள் கட்டில் கிடந்ததைப் பார்த்தேன். ஃபைல் ஒன்றும் கண்ணில் படவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்காமல் பூட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தேன்.

அதற்கப்புறம் மேலேயிருந்து அடிக்கடி பாட்டு கேட்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியோவில் பழைய பாட்டாகப் போடுவார்கள், அதுதான். எதிர்வீட்டு டீச்சர்கூட நல்ல ரசனையான ஆளுப்பா என்று சொன்னார். எனக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. பாட்டு பிடித்தவன் சத்தம் வைப்பதென்றால் ஆரம்பத்திலேயே வைப்பான். இவன் மெதுவாகத்தான் வைத்திருப்பான், பாட்டு நடுவில் இருக்கும்போது திடீரென்று சத்தம் கூடும். அந்தப் பாட்டு முடிந்து இன்னொன்றும் முடிந்து, பிறகு சட்டென்று குறையும். நடுப்பாட்டில் ஒருவன் எதற்காகச் சத்தத்தைக் கூட்டுவான் என்று இந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தே நாலு மாதம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் மகளே.

அந்த ஞாயிறு பதினோரு மணி இருக்கும். அம்மா ஜன்னலோரம் மெஷினில் யாருக்கோ திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள், நான் ஒரு பழைய பூட்டைப் பிரித்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மேலே அந்தப் பாட்டு ஆரம்பித்தது. எந்தப் பாட்டு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைத்தட்டலில் தொடங்கி, பின்னால் புல்லாங்குழல் வரும், பிறகு அந்தப் பெண் குரல். அம்மாவை நான் முதன்முதலில் பார்த்ததே பஸ்ஸில் அந்தப் பாட்டு ஓடும்போதுதான். எனக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமான முதல் மாதம் அவளுக்காக நான் வாங்கிய கேசட்டில் முதல் பாட்டும் அதுதான். அவளுக்கு அவ்வளவு பிடித்த பாட்டைத்தான் பிற்பாடு அவள் அலறல் வெளியே கேட்காமல் இருக்க வைத்தேன். இத்தனை வருஷம் கழித்து அதைக் கேட்டதும், உனக்கு முன்னால் வெட்கமில்லாமல் சொல்கிறேன், முதலில் என் கால் தாளம் போட்டது. பிறகுதான் மேலே சத்தம் கூடியது. கூடிய அந்த நொடியில் என் வலது கை தானாக மூடிக்கொண்டது. இருபத்துநாலு வருஷமாக யார் மேலும் ஓங்காத கை, பழக்கப்பட்ட நாயைப் போல எழுந்து நின்றது. எனக்கு முதலில் வந்தது அந்தப் பெண் மேல் இரக்கம் இல்லை, பழைய வெறி. அதைப் பார்த்து நானே பயந்துபோனேன். அம்மாவின் மெஷின் நின்றிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அந்த விஷயத்தைப் பற்றி நாங்கள் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அன்றும் அவள் போங்க என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னாள்.

கருவிப் பையை எடுத்துக்கொண்டு ஏறினேன். மணி அடித்தேன், பதில் இல்லை. வாசல் பூட்டு எனக்கு அரை நிமிஷ வேலை. உள்ளறைக் கதவு நான் போட்ட பூட்டோடு சாத்தியிருந்தது, அவன் உள்ளே இருந்ததால் தாழ் விழவில்லை. தள்ளிப் பார்த்தேன், பின்னால் நாற்காலி முட்டுக் கொடுத்திருந்தான். தோளால் இடித்துத் திறந்தேன். அவன் அவள் முடியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்து, அவள் தலையை அலமாரிக் கதவில் மோதிக்கொண்டிருந்தான். தாளம் தவறாமல், பாட்டுக்குச் சரியாக. அவள் வாயில் ரத்தம், ஒரு கண் மூடிக்கிடந்தது. நான் சுத்தியலால் அவன் முழங்கையில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது. முடியை விட்டுவிட்டு என் மேல் பாய்ந்தான், நான் மறுபடி தோளில் அடித்தேன், அவன் விழுந்தான். விழுந்தவன் தலைக்கு மேலே சுத்தியலை ஓங்கிவிட்டேன் மகளே. இறக்கியிருந்தால் இந்தக் கடிதம் சிறையிலிருந்து வந்திருக்கும். அப்போது சுவரோரம் ஒண்டியிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த அறையில் இரண்டு ஆம்பிளைகள், அவ்வளவுதான். உன் அம்மா அதே மாதிரித்தான் மறைத்துக்கொள்வாள். என் கையிலிருந்து சுத்தியல் நழுவியது. அவன் எழுந்து என் விலாவில் மிதித்ததும், கதவை மணிக்கட்டின் மேல் சாத்தியதும் அதற்கப்புறம். எதிர்வீட்டு டீச்சரும் அவர் தம்பியும் ஓடிவந்து அவனைப் பிடித்து இழுக்கும்வரை பாட்டு நிற்கவில்லை.

போலீஸ் வந்தது. கிழவன் கள்ளச்சாவி போட்டு வீட்டுக்குள் புகுந்து கையை உடைத்துவிட்டான் என்று அவன் நல்ல தமிழில் நிதானமாகச் சொன்னான், அந்த நேரத்திலும் பெண் அதிகாரியைக் கும்பிட்டுவிட்டுத்தான் சொன்னான். அந்தப் பெண் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் என்றாள். அதிகாரி உன் அம்மாவைப் பார்த்து, உங்க வீட்டுக்காரர் இதுக்கு முன்னாடி யாரையாவது அடிச்சிருக்காரா என்று கேட்டார். இல்லை என்று சொல்வாள் என்றுதான் நான் நினைத்தேன். அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அடிச்சிருக்காரு, என்னைத்தான், பதினஞ்சு வருஷம், இதே மாதிரி பாட்டைப் போட்டுட்டு அடிச்சாரு, இடது காது அதுலதான் போச்சு, அதனாலதான் மேல என்ன நடக்குதுன்னு அவருக்குத் தெரிஞ்சுது என்றாள். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை இனி அவர் மாற்றிக்கொள்ளப் போவதில்லை, மாற்றிக்கொள்ளவும் வேண்டாம். அந்தப் பெண் மெதுவாக, இதைச் சொல்ல உங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு ஆன்ட்டி என்று கேட்டாள். நாப்பது, இப்பத்தான் சொல்றேன் என்றாள் அம்மா. அதைக் கேட்டதும் அவள் அதிகாரியிடம் திரும்பி, நான் வழுக்கி விழலை மேடம், எழுதிக்கோங்க என்றாள்.

அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். என் மேலும் வழக்கு உண்டு, அடுத்த மாதம் நானும் போய் நிற்க வேண்டும், நிற்பேன். அந்தப் பெண் இப்போது நம் வீட்டில் உன் அறையில் இருக்கிறாள். அந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்திருக்கிறேன், நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வரும்போது அம்மா என்னிடம், ஒரு கதவைத் தொறந்துட்டதால எல்லாம் நேராயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க என்றாள். பிறகு உன்னைப் பற்றிச் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன் மாப்பிள்ளை காரில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டியதற்கு நீ சிக்னலில் கதவைத் திறந்து இறங்கி ரோட்டில் ஓடினாயாமே. அன்று அம்மாவுக்குப் போன் செய்து, நான்தானம்மா சத்தத்தைக் கூட்டினேன், அப்பா சொல்லச் சொல்ல நான்தானே கூட்டினேன் என்று அழுதாயாமே. இதை அவள் இரண்டு வருஷம் எனக்குச் சொல்லவில்லை. கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அதனால் நீ மறந்துபோன ஒன்றை எழுதுகிறேன். உனக்கு ஆறு வயது. டேப் ரெக்கார்டர் அலமாரி மேல் இருக்கும், உன் கைக்கு எட்டாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உன்னை அதில் ஏற்றிவிடுகிறவன் நான். ஒரு நாள் கூட்டு என்றேன். நீ சத்தம் வைக்கும் குமிழைப் பிடித்தாய், கூட்டவில்லை, அடியோடு குறைத்துவிட்டாய். அம்மாவின் குரல் தெருவரைக்கும் போனது, யாரோ வந்து கதவைத் தட்டினார்கள். நீ வேண்டுமென்றேதான் குறைத்தாய், உன் முகத்தில் பார்த்தேன். குழந்தை விழுந்துவிட்டது என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு வந்து உன்னை அறைந்தேன். பிறகு உன் விரல்களின் மேல் என் விரல்களை வைத்து அழுத்தி, நானே திருகினேன். அதற்குப் பின் நீ கூட்டியதெல்லாம் நான் அறைந்ததற்குப் பயந்து. அந்த வீட்டில் யாருக்காவது கேட்கட்டும் என்று ஏதாவது செய்தது நீ ஒருத்திதான், அதுவும் ஆறு வயதில். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அந்தப் பாவத்தில் உனக்குப் பங்கு இல்லை, அது முழுக்க என்னுடையது. என் கைப்பட எழுதித் தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

பேத்திக்கு என் முத்தம். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம். நீ எல்லா நலமும் பெற்று, நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும். வெள்ளிக்கிழமை அம்மா உன் போனுக்குக் காத்திருப்பாள், மறக்காமல் பேசு. என்னிடம் கொடுக்கச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா