ஷாஸியாவுக்குப் பிடித்த பேஸ்

மச்சான்,

மீன் ஆணம் அடுப்பு மேல் இருக்கிறது. சோறு மட்டும் சூடாக்கிக்கொள்ளுங்கள். நான் வில்பட்டிக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

நீங்கள் செய்யும் லைன் அரே ஸ்பீக்கர் பெட்டிக்கு ஆறரை இஞ்ச் பேஸ் ஸ்பீக்கரா, எட்டு இஞ்ச்சா என்று ஒரு வாரமாக மாற்றி மாற்றிப் போட்டீர்கள். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். பழனியில் இருக்கும் உங்கள் மாமி மகள் ஷாஸியாவுக்கு இரண்டின் சத்தத்தையும் போனில் பதிவு செய்து அனுப்பினீர்கள்.

"எட்டு இஞ்ச்சே போடுங்க மச்சான், நெஞ்சுக்குள்ள இடிக்குது" என்றாள். "இவளுக்குத்தான்டி காது இருக்கு" என்று என்னிடமே சொல்லிச் சிரித்தீர்கள்.

போனில் பேஸ் கேட்காது என்று எனக்குச் சொல்லித்தந்தது நீங்கள்தான். அவளுக்கு எப்படி இடித்தது?

காலையில் நீங்கள் கடைக்குப் போனதும் இரண்டையும் போட்டுக் கேட்டேன். எனக்கு ஆறரைதான். எட்டு இஞ்ச்சைக் கட்டி, ஒட்டி, வாசலில் வைத்திருக்கிறேன். வாங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன்; எடுக்கக் கூரியர்காரர் சாயங்காலம் வருவார். கொடுத்துவிடுங்கள்.

உம்மு ஹபீபா

ஆணத்தில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.

எட்டு இஞ்ச்சும் நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் அது இந்த வீட்டில் இருக்கக் கூடாது.