நீ கேட்ட இங்கிலீஷ் வார்த்தை

கிளாஸ்கோ,
10 நவம்பர் 1935

சௌபாக்யவதி செண்பகவல்லிக்கு ஆசீர்வாதம். ஸ்ரீரங்கத்தில் நீ, உன் அப்பா, அம்மா எல்லோரும் ரங்கநாதன் கிருபையில் சௌக்யமாக இருக்க வேண்டும். நானும் சௌக்யம்தான்.

"தேசிகன் காலேஜ் புஸ்தகத்துல ஸ்னகிள்னு ஒரு வார்த்தை வரது. கேட்டா சிரிக்கறான். நீங்களாவது அர்த்தம் சொல்லுங்கோ" என்று எழுதியிருந்தாய். உன் தம்பிக்குத் தெரியாது, அதனால் சிரிக்கிறான். இங்கே கப்பல் பட்டறையில் பெரிய அகராதி இருக்கிறது, பார்த்தேன். மூலம் 'ஸ்னக்' என்ற மாலுமிகள் வார்த்தை. பாய்களைச் சுருட்டி, சாமான்களை இறுகக் கட்டி, புயலுக்குத் தயாராக நிற்கும் கப்பலை அப்படிச் சொன்னார்களாம். அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தது என்று அகராதிக்கே நிச்சயமில்லை. கதகதப்புக்கோ பிரியத்துக்கோ ஒருவரோடு ஒருவர் ஒண்டிக்கொள்வது ஸ்னகிள். அவ்வளவுதான்.

போன வாரம் லேசாக ஜுரம், போய்விட்டது. வீட்டுக்காரம்மாள் ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்து, இதோடு ஸ்னகிள் பண்ணிக்கொள் என்றாள். விடிவதற்குள் ஆறிப்போயிற்று. மட்டமான ரப்பர்.

கம்பளி கழுத்தில் குத்துகிறது. உன் நூல் புடவை ஒன்றைப் பார்சலில் அனுப்பு, உறையாகத் தைத்துக்கொள்கிறேன். புதுசு உறுத்தும். நீ உடுத்திப் பழகியதே போதும்.

கம்பெனியில் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டேன். பங்குனியில் வந்துவிடுவேன்.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. உன் அப்பா இதைக் கூடத்தில் எல்லோருக்கும் உரக்கப் படிப்பார் என்று தெரியும். மாமா, இதற்கெல்லாம் காரணம் குளிர்தான். வேறொன்றுமில்லை.

சௌரிராஜன்