காதோரம் தொங்கிய கரகம்

அண்ணே,

கோரிப்பாளையத்தில் மரச்சாமான் கடை வாசலில் இன்று வஜ்ஜிரப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும், நீங்கள் செத்துப்போனதையே மறந்து, வாய் நிறைய உங்களைத் திட்டினேன். பிறகுதான் நினைவு வந்தது. அதற்காகத் திட்டியதை நான் திரும்பப் பெறப்போவதில்லை.

எழுபதுகளின் கடைசியில், கோயில் திருவிழாக்களில் கரகம் ஆடிக்கொண்டிருந்த என்னை மதுரை மேடைக்கு அழைத்துவந்தவர் நீங்கள். ஒயில், கும்மி, பொய்க்கால் குதிரை எல்லாம் கோத்து இரண்டு மணி நேர நிகழ்ச்சி. இயக்கம் உங்களுடையது, திரை, விளக்கு, உடையும் உங்கள் கைவண்ணம். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். பளபளக்கும் கறுப்புத் தரை போட்டு, ஆடுகிறவர்களின் உருவம் கண்மாய்த் தண்ணீரில் தெரிவதுபோல் காட்டினீர்களே, நானே வாய் பிளந்து பார்த்தேன்.

"அண்ணே, தரை வழுக்குது," என்றேன்.

"அதுக்கும் வழி வச்சிருக்கேன்த்தா," என்றீர்கள்.

நீங்கள் நீட்டியது, காகிதக் கூழில் வஜ்ஜிரம் சேர்த்துச் செய்த கரகம். அரிசி நிரப்பிய செம்பு இல்லை, உள்ளே வெறும் காற்று. மோவாய்க்குக் கீழே கட்ட ஒரு நைலான் கயிறு. ஆடும்போது கரகத்தைக் கையால் தொடுவதே எங்களுக்கு அவமானம். கட்டுவதா? மாட்டேன் என்றேன்.

"டெல்லிக்காரங்க பாக்க வாராக. விழுந்துச்சுன்னா அம்புட்டும் போச்சு. கட்டுனாத்தான் உனக்கு டெல்லி."

எனக்கு டெல்லி ஆசை. கட்டிக்கொண்டேன். அந்தத் தப்பு என்னுடையது.

டெல்லிக்காரர்கள் வந்த அன்று, முதல் சுற்றிலேயே கால் வழுக்கியது. விழவேண்டிய கரகம் விழாமல் என் காதோரம் தொங்கியது. பேரையூர்த் திருவிழாவில் என் ஆட்டம் பார்த்த ஒருவர் எழுந்து, "அடேய், கட்டிக்கிட்டு ஆடுறாடா!" என்று கத்தினார். சபை முழுக்கச் சிரிப்பு.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். திரைக்குப் பின்னால், என் காதுபட, டெல்லியிலிருந்து வந்த அதிகாரியிடம் என்ன சொன்னீர்கள்? "பிள்ளை பயந்துபோயி அதுவாக் கட்டிக்கிருச்சு சார். எனக்குத் தெரியாது."

வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு, அதே கயிறோடு டெல்லி போனீர்கள். சால்வையோடு திரும்பினீர்கள். என்னைத் திருவிழாக்களுக்கு அழைப்பது நின்றுபோனது. "அந்தக் கட்டிக்கிட்டு ஆடுறவளா?" என்று கேட்டார்களாம்.

பின்னாளில் எத்தனையோ தடவை எதிரே வந்தீர்கள். "நல்லாருக்கியாத்தா?" என்று கேட்டீர்கள். "நான்தான் கட்டச் சொன்னேன்" என்று பேரையூரில் ஒரே ஒரு ஆளிடம் சொல்லியிருந்தால் போதும். அதற்கு மட்டும் உங்களுக்கு வாய் வரவில்லை.

இப்போதும் எங்கேனும் நையாண்டி மேளம் கேட்டால், என் கை தானாக மோவாய்க்குக் கீழே போகிறது. கயிறு இல்லை என்று தடவிப் பார்த்த பிறகுதான் தலையை நிமிர்த்துகிறேன்.