முப்பத்தெட்டு மார்க்

மட்டாஞ்சேரி,
துலாம் (ஐப்பசி) மாதக் கடைசி ஞாயிறு

என் செல்லக் குழந்தை ஸுப்ரியாவுக்கு,

அம்மா அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நீயும் மாப்பிள்ளை கேசவும் குழந்தை மாதுரியும் டப்ளின் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினம் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, கோவில் வரை நடந்து போய்விட்டு வருகிறார். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. தினம் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோமே, பின்னே கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு முடியவில்லை. உனக்கு மலையாளம்தான் சரளமாக வரும், ஆனாலும் இந்த விஷயம் எனக்குத் தமிழில்தான் எழுத வருகிறது, மெதுவாகப் படி.

உன் தாத்தா, என் அப்பா வெங்கிடராமன் ஸார் ஹெட்மாஸ்டராக இருந்த நெல்லிக்களம் பள்ளிக்கூடத்தைப் பற்றி உனக்கு நிறையச் சொல்லியிருக்கிறேன், சொல்லாததும் ஒன்று உண்டு. நம் மலையாளக் கரைச் சித்தூருக்குக் கிழக்கே, நிலக்கடலைக் காட்டுக்கு நடுவில் அந்தப் பள்ளிக்கூடம். முதலில் ஏழாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்கு மேல் படிக்க ஒன்பது கிலோமீட்டர் நடக்கவேண்டும், பெண் குழந்தைகளை யாரும் அனுப்பமாட்டார்கள். தாத்தா ஆபீஸ் ஆபீஸாக அலைந்து எட்டாம் வகுப்பு வாங்கினார், அடுத்த வருஷம் ஒன்பது. கட்டடம் ஊர்க்காரர்களே கட்டினது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பெண்பிள்ளைகளெல்லாம் தலையில் மண் சுமந்து வந்து போட்டார்கள், மேலே பனையோலை. ஆடி மாதக் காற்றில் ஓலை பிய்த்துக்கொண்டு போகும், நாங்கள் புஸ்தகத்தைப் போட்டுவிட்டு ஓலைக்குப் பின்னால் ஓடுவோம். சயன்ஸ் லாப் என்று ஒரு மர அலமாரி, அதில் துருப்பிடித்த தராசும் பாட்டிலில் ஒரு தவளையும் இருந்தன. அதைக் காட்டித்தான் பார்வையிட வந்த அதிகாரியிடம் பத்தாம் வகுப்புக்கு அனுமதி கேட்டார்கள். அவர் ஒரு வருஷத்துக்கு மட்டும் கொடுத்தார். முதல் பாட்ச் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் பார்த்துத்தான் மேற்கொண்டு, மோசமானால் பத்தாம் வகுப்பை எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

அப்போது நாங்கள் ஒன்பதில் இருபத்தொரு பேர், அதில் நாலு பெண்கள். என் பக்கத்தில் உட்காருகிறவள் மகா. அவள் அப்பா பனையேறி, அம்மா கூலிக்குப் போகிறவள், பள்ளிக்கூடச் சுவருக்கு ஒரு ஞாயிறு கூட விடாமல் மண் சுமந்தவள். கடலை பறிக்கிற நாட்களில் மகா வகுப்புக்கு வரமாட்டாள், மறுநாள் என் நோட்டை வாங்கி எழுதிக்கொள்வாள். கணக்கு அவளுக்குத் தட்டித் தடுமாறித்தான் வரும், ஆனாலும் விடமாட்டாள், மணலில் விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

வருஷப் பரீட்சை முடிந்து மார்க்கை ரெஜிஸ்டரில் ஏற்றுகிற வேலையைத் தாத்தா எனக்குத்தான் கொடுப்பார், என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று. நாலு பேர் நியாயமாகவே தோற்றிருந்தார்கள். மகாவுக்குக் கணக்கில் முப்பத்தெட்டு, முப்பத்தைந்து வாங்கினால் ஜெயம். நான் எழுதப்போகும்போது தாத்தா என் கையைப் பிடித்து, இருபத்தெட்டு என்று எழுது என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். “இவள் பப்ளிக்ல தேறமாட்டா கமலா. ஒரு குட்டிக்காக ஸ்கூலே போயிடப்படாது. இன்னொரு வருஷம் ஒன்பதில இருந்தா நன்னாப் படிச்சு வருவா, நல்லதுதான்” என்றார். நான் எழுதினேன். எனக்குப் பதினாலு வயசு, அப்பா சொன்னார், எழுதினேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதே பக்கத்தில் முப்பத்தாறு வாங்கின பையன் ஒருவன் இருந்தான். பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவருடைய பிள்ளை. அவனுடைய முப்பத்தாறு முப்பத்தாறாகவே இருந்தது. அதை நான் கவனித்தேன், தாத்தாவும் கவனித்தார், நான் பக்கத்தைத் திருப்பினேன்.

மகா இன்னொரு வருஷம் உட்காரவில்லை. தோற்ற பெண்ணை எதற்குத் திரும்ப அனுப்புவது என்று அவள் அப்பா நிறுத்திவிட்டார், ஆவணியில் கல்யாணம். நாங்கள் பதினாறு பேர் எழுதினோம், பதினாறு பேரும் பாஸ். பத்தாம் வகுப்பு நிலைத்தது. அடுத்த வருஷம் பதினோரு பெண்கள் சேர்ந்தார்கள், அதற்கடுத்து இருபது. இன்றைக்கு மூன்று மாடி, கம்ப்யூட்டர் ரூம், வாசலில் நாலு பஸ். அங்கே படித்த பெண்களில் நர்ஸ் எத்தனை, டீச்சர் எத்தனை என்று கணக்கே கிடையாது. எனக்கு டெலிபோன் ஆபீஸ் வேலை கிடைத்ததும் அந்தப் பள்ளிக்கூடத்தால்தான். தாத்தா செய்தது முழுக்கத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை ஸுப்ரியா, சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

இந்த வருஷம் முதல் பாட்சுக்கு ஐம்பது வருஷம் என்று விழா வைத்தார்கள் அல்லவா. எங்களோடு படித்த செல்லதுரை, பஸ் கண்டக்டராக இருந்து ரிடையரானவர், அவர்தான் எல்லோரையும் தேடிப் பிடித்தார். அவர் போன் பண்ணி, “மகா உங்க ஊர்லதான் இருக்குதாம், சுள்ளிக்கல்லுல. உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டார். இங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். அவள் புருஷன் இங்கே சுமைத் தொழிலாளியாக இருந்திருக்கிறார், இப்போது இல்லை. மகா, யூதர்கள் இருந்த ஜூ டவுன் பக்கத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் முப்பத்தோரு வருஷம் சுக்கு தரம் பிரித்திருக்கிறாள். அந்தத் தெருவில் நான் எத்தனை தடவை நடந்திருப்பேன்.

உன் அப்பாவிடம் கூடச் சொல்லாமல் போனேன். பார்த்தவுடனே கட்டிக்கொண்டாள். இடப்பள்ளியில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற அவள் மகள் செல்வலட்சுமி சாயா போட்டுக் கொடுத்தாள். “இவங்க அப்பாதான் எங்க ஸார், தெய்வம் மாதிரி. என் மண்டையிலதான் ஏறல” என்று மகா மகளிடம் சொல்லிச் சிரித்தாள். அதைக் கேட்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பையனுடைய மார்க்கையும் சொன்னேன்.

மகா கையிலிருந்த சாயா டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, “எத்தனைன்னு சொன்ன?” என்று கேட்டாள். முப்பத்தெட்டு என்றேன். திரும்பவும் கேட்டாள், திரும்பவும் சொன்னேன். “கிட்டங்கியில எடை நோட்டு எழுதறியான்னு மொதலாளி கேட்டாரு. உக்காந்து பாக்குற வேலை. நான் கணக்குல தோத்தவ, எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். எம் பிள்ளைங்களுக்கு ஒரு கணக்குக்கூட சொல்லிக் குடுத்ததில்ல, தப்பாச் சொல்லிருவேனோன்னு பயம்” என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். “இத எதுக்கு இப்ப வந்து சொன்ன?” என்று கேட்டாள். மனசு கேட்கவில்லை மகா என்றேன். “உன் மனசு கேக்கலைன்னு என் மனசுல கொண்டாந்து வெச்சுட்டுப் போற” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். சாயா அப்படியே ஆறிக் கிடந்தது. நான் வந்துவிட்டேன்.

விழாவுக்கு நான் போகவில்லை, காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னது பொய். ஒரு வாரம் கழித்துச் செல்வலட்சுமி இங்கே வந்தாள். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, அந்த ரெஜிஸ்டரைப் பார்க்கவேண்டும் என்கிறாள், கிடைக்குமா ஆன்ட்டி என்று கேட்டாள். ஹெட்மிஸ்ட்ரஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். பழைய கட்டடத்தை இடிக்கும்போதே கரையான் அரித்த ரெஜிஸ்டரையெல்லாம் எரித்துவிட்டார்களாம். கிடைத்திருந்தாலும்தான் என்ன, அதில் நான் எழுதின இருபத்தெட்டுதானே இருக்கும். அதனால் ஒரு வெள்ளைக் காகிதத்தில், மகாவுக்கு ஒன்பதாம் வகுப்பு வருஷப் பரீட்சையில் கணக்கில் முப்பத்தெட்டு, அவள் ஜெயித்தவள், மார்க்கை மாற்றி எழுதினது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் செல்வலட்சுமி போன் பண்ணினாள். “அம்மா வாங்கி வச்சுக்கிட்டாங்க ஆன்ட்டி. ஆனா நீங்க இனி வீட்டுக்கு வரண்டாம்னு சொன்னாங்க” என்றாள். அவ்வளவுதான். நான் போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் தாத்தா பெயரில் கணக்குக்கு ஒரு பரிசு வைக்கலாம் என்று நீ ஆசையாகக் கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன். காரணம் இதுதான். வைக்காதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தாத்தா தன் சம்பளத்தில் சாக்பீஸ் வாங்கின மனுஷர், அதுவும் நிஜம். நீயும் கேசவும் பேசி முடிவு பண்ணுங்கள், எதுவானாலும் எனக்கு வருத்தமில்லை. உன்னிடம் மறைத்துக்கொண்டு அந்தப் பரிசு மேடையில் போய் உட்கார மட்டும் என்னால் ஆகாது.

உன் அப்பாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். நீ உடனே போன் பண்ணி அழாதே, இரண்டு நாள் கழித்துக் கூப்பிடு. நீங்கள் மூன்று பேரும் தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். மாதுரிக்கு இந்தத் தடவை கணக்கில் மார்க் குறைந்துவிட்டது என்று சொன்னாய். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடு, எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிக் கொடு. இவளுக்குக் கணக்கு வராது என்று மட்டும் அந்தக் குழந்தை காதில் விழும்படி யாரும் சொல்லவேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
கமலாக்ஷி